எதையும் சுமக்காத தூண்

"டாக்டர் பட்டம் வாங்கின பெறகும் படிக்கணுமாட்டி?" என்று ராகேலிடம் கேட்டாள் தாணம்மாள்.

"இது படிப்பு இல்ல. ஆராய்ச்சியாக்கும். மாசாமாசம் சம்பளமும் தந்து ஆராய்ச்சி பண்ணுன்னு சொல்லுகான்."

"அறுவத்தொண்ணு வயசுலயா?"

"வயசு அவனுக்கு வேண்டாம். பட்டம் வாங்கி அஞ்சு வருஷத்துக்குள்ள இருந்தா போதும்."

"ஒனக்கு எப்ப முடியுது?"

"இந்த வருஷத்தோட."

பேப்பருக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "ரிட்டயர்டு ஆனவங்க வீட்டுல இருக்கணும்னுதான் கவர்மெண்ட் பென்ஷன் தருது. இவளுக்கு அது மனசிலாகல்ல."

"ஒங்களுக்கு மனசிலாகி நீங்க இருக்கேளே, அது போதும்" என்றேன் நான்.

ராகேல் என் வீட்டுக்காரர் நேசையனின் தங்கை. கல்யாணம் கட்டவில்லை. அந்தப் பேச்சு வீட்டில் எழுந்து, சுற்றி, ஓய்ந்துபோய் வெகுகாலம் ஆகிறது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தாள். வேலையில் இருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, ஓய்வுபெறப் போகும் காலத்தில் வாங்கினாள். இப்போது சென்னையில் ஒரு மியூசியம் கலையும் மதமும் என்று ஒரு பிரிவு தொடங்கி, பட்டம் பெற்றவர்களுக்கு இரண்டு வருட ஃபெல்லோஷிப் தருகிறதாம். மேசை தருவார்கள், மியூசியத்தின் கிடங்கைத் திறந்து விடுவார்கள், எழுதியதைப் புத்தகமாகப் போடுவார்கள். ராகேல் விண்ணப்பித்திருந்தாள். முதல் சுற்றில் தேறி, மறுநாள் கம்ப்யூட்டரில் நேர்காணல். இது தவறினால் இனிமேல் இல்லை. அவள் அதைச் சொல்லவில்லை. மூன்று நாளாக ராத்திரிச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனதிலேயே எனக்குத் தெரிந்தது.

அவளுடைய ஆராய்ச்சி, எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் நிழல் தாங்கலைப் பற்றியது. அய்யாவழிக்காரர்கள் தங்கள் அய்யாவைக் கும்பிடும் இடம். உள்ளே சிலை கிடையாது. பள்ளியறையில் ஒரு கண்ணாடி, அதற்கு முன்னால் விளக்கு, அவ்வளவுதான். முன்னால் போய் நிற்கிறவன் தன் முகத்தைத்தான் பார்க்க முடியும். மயிலாடிக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. எந்நேரமும் எங்கிருந்தாவது உளிச்சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். ஊருக்கெல்லாம் சாமி செய்து கொடுக்கும் இடத்துக்கு இத்தனை பக்கத்தில், சாமி உருவமே இல்லாமல் ஒரு கண்ணாடி. எங்கள் கிறிஸ்தவ சபையிலும் உருவம் கிடையாது. ராகேலுக்கு அந்த யோசனை எப்போது வந்து ஒட்டிக்கொண்டதோ, இருபது வருடமாக விடவில்லை.

தாங்கலில் பணிவிடை செய்கிறவர் பகவதியப்பன். கம்பி, சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவிதான் இந்தத் தாணம்மாள். ராகேலோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இந்தத் தாங்கலுக்கு மட்டுமல்ல, குலசேகரம் பக்கத்துத் தாங்கல்களுக்கும் ராகேலைக் கூட்டிக்கொண்டு போய், "நம்ம பிள்ளதான், கேக்கதுக்குப் பதில் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்தான்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு நேர்காணல். ராகேல் முன்னறையில் கம்ப்யூட்டரை வைத்து, சர்ச்சுக்குப் போகிற சேலையைக் கட்டி உட்கார்ந்துவிட்டாள். எங்களை அடுக்களையில் அடைத்தாள்.

"மைனி, மிக்சி போடாண்டாம்."

"போடல்ல."

"குக்கர்?"

"அடுப்பே பத்தவைக்கல்லட்டி, நீ போ."

தாணம்மாள் ஒரு டப்பா முந்திரிக்கொத்து கொண்டு வந்திருந்தாள். "இதத் தின்னா சத்தம் கேக்குமாக்கா?" என்று என் காதில் கேட்டாள். வாயில் போட்டுக் கடிக்காமல் ஊறவைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

முன்னறையில் மூன்று பேர் குரல் கேட்டது. இங்கிலீஷும் தமிழுமாகக் கேட்டார்கள். கண்ணாடிக்குச் சட்டம் எந்த மரம், யார் வாங்கிக் கொடுத்தது, ரசம் போனால் பழையதை என்ன செய்வார்கள். ராகேல் தடுமாறாமல் சொன்னாள். லைப்ரரியில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற மாதிரி, கேட்ட உடனே பதில். பிறகு ஒரு பெண் குரல் தமிழில் சொன்னது:

"டாக்டர் ராகேல், எங்களை இழுத்தது உங்க தீசிஸோட மூணாவது அத்தியாயம்தான். அந்தத் தூண்."

"ரொம்ப சந்தோஷம் மேடம்."

"பழைய தாங்கலை இடிச்சுக் கட்டினப்போ நாலு கல்தூணில் மூணை எடுத்துட்டு, ஒண்ணை மட்டும் விட்டிருக்காங்க. கூரையும் அதுமேல இல்லை."

"ஆமா மேடம். தூணுக்கும் கூரைக்கும் நடுவுல ஒரு முழம் எடவெளி இருக்கு. எதையும் சுமக்கல்ல. உருவமில்லாத ஒரு வழிபாட்டுல, பற்றில்லாம நிக்கதுக்கு அது ஒரு அடையாளம்னு நான் எழுதியிருக்கேன்."

"அதை அப்படியே எங்க கூடத்துல மாதிரியா கட்டலாம்னு நினைக்கிறோம். கண்ணாடி, விளக்கு, அந்த ஒத்தைத் தூண். நீங்க வந்தா அதுதான் முதல் வேலை."

பக்கத்தில் விக்கல் மாதிரி ஒரு சத்தம். பார்த்தால் தாணம்மாள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்குகிறாள். நான் அவள் முதுகில் ஒன்று வைத்தேன். முந்திரிக்கொத்துதான் சிக்கிவிட்டது என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டரை மூடிவிட்டு ராகேல் அடுக்களைக்கு வந்தபோது அவள் முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது. "கெடச்சிரும்போல மைனி. கூடத்துல கட்டப் போறாங்களாம்."

தாணம்மாள் அப்போதுதான் சிரிப்பை வெளியே விட்டாள். "ஏட்டி, ஒன்னைய மறைக்க விட்ட தூணுக்கு மெட்ராஸ்ல கண்காட்சியா?"

"என்னது?"

"அந்தத் தூண்டி. நீ அதுக்குப் பின்னாலதானே நிப்பே. இடிச்சுக் கட்டும்போ என்ஜினியர் நாலையும் எடுத்துரலாம்னான். கான்கிரீட் வார்ப்புக்குத் தூணே வேண்டாமாம். எங்க வீட்டுல உள்ளவருதான், அந்த ஓரத்துத் தூண் கிடக்கட்டும்வே, ராகேல் வந்தா எங்க நிப்பான்னு கேட்டாரு."

ராகேல் பாதி எடுத்த தண்ணீர்ச் செம்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாணம்மாளின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "ஒனக்குத் தெரியாதா?"

"நான் அப்போ மதுரையில இருந்தேன். கோர்ஸ் வொர்க்குக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தா மூணு தூண் இல்ல, ஒண்ணு நிக்குது."

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன் மக்கா. தெரிஞ்சுதான் நீ அதப் பெரிசா எழுதியிருக்கேன்னு நெனச்சேன்."

அவள் ஏன் தூணுக்குப் பின்னால் நின்றாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். முதன்முதலில் தாங்கலுக்குப் போக ஆரம்பித்தபோது என் வீட்டுக்காரர் எங்கள் சபையில் செயலாளர். "ஆராய்ச்சி பண்ணு, வேண்டாம்னு சொல்லல்ல. கண்ணாடி முன்னால மட்டும் போய் நிக்காத. கமிட்டியில நாலுபேரு கேட்டா நான்தான் பதில் சொல்லணும்" என்றார். ராகேல் சரி என்றாள். அன்றிலிருந்து கண்ணாடியில் தன் நிழல் விழாதபடி, அந்த ஓரத் தூணின் மறைவில் நின்றே எல்லாவற்றையும் பார்த்தாள், எழுதினாள். இதை அவள் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மத்தியானச் சோற்றில் இதுதான் பேச்சு.

"இப்போ என்ன ஆயிப்போச்சு?" என்றார் இவர். "தூண் நிக்குதா, நிக்குது. எதையாவது சுமக்குதா, இல்ல. நீ எழுதினதுல என்ன பொய்?"

"காரணம் பொய்லா."

"காரணத்த யாரு பாத்தா. ஒனக்கு வேலை தருவேன்னு சொல்லுகவன்கிட்ட நீயே போய், நான் எழுதினது தப்புன்னு சொல்லுவியா? அவன் வேற ஆளப் பாத்துட்டுப் போவான். சவத்த விடு."

"அங்க கட்டி வச்சிட்டாங்கன்னா? வாறவனெல்லாம் அதப் பாத்து நம்பிட்டுப் போவாம்லா."

"நம்பினா என்ன, பல்லு கொட்டிருமா?"

"சும்மா இருங்க" என்றேன் நான். ராகேல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

சாயந்திரம் அவள் தாங்கலுக்குக் கிளம்பியபோது இவரும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மூவரும் போனோம்.

பணிவிடை முடிந்து பகவதியப்பன் தலைப்பாகையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் நாமம் இன்னும் ஈரமாக இருந்தது. தாணம்மாள் ஏற்கெனவே சொல்லியிருப்பாள்போல. எங்களைப் பார்த்ததும் சங்கடமாகச் சிரித்து, அவர்கள் வழக்கப்படி கும்பிட்டார்.

"அய்யா உண்டு. வா ராகேலு. என்ன வே நேசையன், நீரும் வந்திருக்கீரா?"

"அண்ணாச்சி, அந்தத் தூண்" என்று ஆரம்பித்தாள் ராகேல்.

"ஆமா."

"எனக்காகவா விட்டீங்க?"

"நீ மொத நாளு வந்தப்பவே பாத்தேன். எண்ணெய் டின்னும் பாயும் கிடந்த இடுக்குல போய் ஒதுங்கி நின்னே. சரி, சபைக்காரப் பிள்ள, முன்னால வந்து நின்னா நேசையனுக்கு அங்க பேரு கெட்டுரும். பெறகு அந்த டின்ன எல்லாம் மாத்தி வச்சேன். திருநாளுக்குக் கூட்டம் வந்தாலும் அங்க யாரையும் நிக்க விடமாட்டேன். இடிச்சுக் கட்டும்போ தூணையும் எடுத்தா ஒதுங்க எடம் இல்லாமப் போயிரும்லா. வெட்டவெளியில எங்க நிப்பே?"

"கூரை எட்டாம நிக்குதே அண்ணாச்சி."

"கூரைய ஒசத்திக் கட்டினோம். தூண் பழைய அளவு. என்ஜினியர் தலையில அடிச்சான். நீரு கட்டுகதக் கட்டும்வேன்னு சொன்னேன். கம்பியும் சிமெண்டும் நம்ம கடையாக்கும், அவன் என்ன பேசமுடியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீ கேக்கல்ல." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் இருக்கிற சரக்கைச் சொல்கிற மாதிரி சொன்னார். "கண்ணாடியப் பத்தி நூறு கேள்வி கேட்டே. தூண டேப்பு வச்சு அளந்துட்டுப் போயிட்டே."

தாணம்மாள் இடையில் புகுந்தாள். "அதோட போச்சுதா? நீ தீசிஸ் கொண்டு தந்தேல்லா. அதுல தூணு போட்டோவும் போட்டு, பற்றில்லாம நிக்குதுன்னு எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொன்னேல்லா. அதுல இருந்து வெளியூர்க்காரங்க வந்தா இவரே அந்தக் கதையத்தான் சொல்லுகாரு. கையக் காட்டி, கொரலத் தாழ்த்தி."

"நீங்களா அண்ணாச்சி?"

பகவதியப்பன் தலைப்பாகைத் துணியை இன்னொரு மடிப்பு மடித்தார். "டாக்டர் பட்டம் குடுத்தவன் ஒத்துக்கிட்டதுல்லா. நான் ஒரு காரணத்துக்கு விட்டேன். அய்யா வேற காரணத்துக்கு விடவச்சிருப்பாரு, அது ஒனக்குத் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன்."

தூணின் அடியில் செம்பருத்திப் பூ ஒன்று கிடந்தது. ராகேல் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "ரேஷ்மி வைக்கா. மாப்பிள்ள துபாய்ல இருக்கானே, அந்தப் பிள்ள. அந்தக் கதையக் கேட்டதுல இருந்து ஞாயித்துக்கிழமை தோறும் தூணுக்கு ஒரு பூவு. இங்க அப்படி வழக்கம் இல்ல. எடுத்துப் போடவும் மனசு வரல்ல."

திரும்பி வரும்போது இவர் பத்தடி முன்னால் நடந்துகொண்டிருந்தார். சர்ச் மதில் வந்ததும் நின்றார். நாங்கள் எட்டுகிறவரை காத்திருந்தார்.

"எம் பேரு கெடக்கூடாதுன்னாக்கும் அந்த மனுசன் செய்திருக்கான்" என்றார். "இத்தன வருஷமா தெனமும் அவன் கடைவழி போறேன். ஒரு வார்த்த சொன்னது இல்ல." பிறகு ராகேலைப் பார்க்காமல், "நாளைக்கு போன் போட்டுச் சொல்லிரு. வேலை போனா போகட்டும். அந்த ஆளு செய்ததுக்கு வேற ஏதோ பேரு வச்சு மெட்ராஸ்ல காட்டப்பிடாது" என்றார்.

ராகேல் காலையில் போன் போட்டாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தாள். நடந்ததை முதலிலிருந்து சொன்னாள், அண்ணன் சொன்னது, தான் ஒதுங்கி நின்றது, தூணடியில் கிடந்த பூ எல்லாம் சேர்த்து.

எதிர்முனையில் பேசியது, நேர்காணலில் தமிழில் கேட்ட அந்த அம்மா. "அப்போ மூணாவது அத்தியாயம்?"

"தப்பு மேடம்."

"எங்க ஆர்க்கிடெக்ட் நேத்தே படம் போட ஆரம்பிச்சிட்டார்."

"அதுல அந்தத் தூண் வேண்டாம் மேடம்."

"நீங்க இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். உங்களுக்குத் தெரியுமில்லையா?"

"தெரியும். வீட்டுலயும் அதத்தான் மொதல்ல சொன்னாங்க."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. "நான் கமிட்டியில பேசணும். எதுவும் உறுதியா சொல்ல முடியாது."

அதன்பிறகு இரண்டு வாரம் ஒரு தகவலும் இல்லை. ராகேல் தோட்டத்து வாழைக்குத் தண்ணீர் விட்டாள், என் அலமாரியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று எனக்கு ஒன்றும் எங்கே இருக்கிறதென்று தெரியாதபடி செய்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தாங்கலுக்குப் போய் ரேஷ்மியைப் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். போய்விட்டு வந்து என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் சொன்னேன் மைனி, இது எனக்கு நிக்கதுக்காக விட்ட தூணு, நான் எழுதினதுதான் தப்பு, நீ பூ வைக்காண்டாம்னு."

"அவ என்ன சொன்னா?"

"அப்படியா டீச்சர், ஒரு ஆளு நிக்கதுக்காகவா கூரை எட்டாத தூண விட்டாங்கன்னு கேட்டா. ஆமான்னேன். அப்போ நான் வைக்கேன் டீச்சர்னு வச்சிட்டுப் போயிட்டா."

"பகவதியப்பன் ஒண்ணும் சொல்லல்லியா?"

"மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. கண்ணு நெறஞ்சிட்டுதுன்னு நெனைக்கேன்."

இரண்டாவது வார முடிவில் அந்த அம்மாவே கூப்பிட்டார். கமிட்டியில் ஒருவர் வேண்டவே வேண்டாம் என்றாராம். பட்டம் வாங்கித் தந்த எழுத்தை ஒரே நாளில் தப்பு என்கிறவரை எப்படி நம்புவது என்று கேட்டாராம். மற்ற இருவரும், தான் எழுதியதைத் தப்பு என்று தானாக வந்து சொல்கிறவரை வேறு எங்கே தேடுவது என்றார்களாம். முதலில் ஒரு வருடம். அதில் அந்தத் தூணின் கதையைப் புதிதாக எழுத வேண்டும்: ஒருவருக்காக விட்ட கல், எழுத்தில் ஏறி, திரும்பி வந்து, பூ வாங்கிய கதை. எழுதியது நன்றாக இருந்தால் இரண்டாவது வருடம்.

"ஒரு நிபந்தனை" என்றார் அந்த அம்மா. "இந்தத் தடவை அங்க இருக்கிற எல்லார்கிட்டயும் கேட்டுட்டு எழுதுங்க."

"கேக்கேன் மேடம்" என்றாள் ராகேல். போனை வைத்துவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். என் ரவிக்கை நனைந்தது. இவர் வாசலில் நின்று, "கெடச்சுதா, போச்சுதா, ஒண்ணு சொல்லுங்கட்டி, எனக்கு வெப்ராளம் தாங்கல்ல" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே தாங்கலுக்குப் போனோம். ராகேல் ஒரு பொட்டலம் கற்பூரமோ எண்ணெயோ வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். "ஒண்ணும் கொண்டு போகாத, அந்த மனுசனுக்கு அது சங்கடமா இருக்கும்" என்றார் இவர். அவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

வேலை கிடைத்த விஷயத்தைச் சொன்னதும் தாணம்மாள்தான் முதலில் கேட்டாள். "இனி கண்ணாடிக்கு முன்னால வந்து நிக்கியாட்டி? ஒங்க அண்ணன் இப்போ செயலாளரும் இல்ல."

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் இவர். "அவ இஷ்டம்."

ராகேல் தூணைத் தொட்டுக்கொண்டு நின்றாள். "இல்லட்டி. எனக்குத் தந்த எடம் இதுதானே. இங்கயே நிக்கேன்." பிறகு பகவதியப்பனைப் பார்த்தாள். "அண்ணாச்சி, நான் எப்படிச் சொல்லுகதுன்னு தெரியல்ல. இருபது வருஷமா நான்தான் ஒங்களப் பாத்து எழுதிக்கிட்டிருக்கேன்னு நெனச்சேன். நீங்க என்னையப் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. ஒங்களுக்கு நான் எப்படி—"

"அதெல்லாம் கெடக்கட்டும்" என்றார் அவர் அவசரமாக. "எந்த வண்டியில போறே? அனந்தபுரியா, கன்னியாகுமரியா?"

"கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்லதான் அண்ணாச்சி."

"கீழ் பெர்த்தாப் பாத்துப் போடு. மேல எல்லாம் ஏறப்பிடாது, கேட்டியா. ஸ்டேஷனுக்கு நம்ம கடை வண்டி வரும். ஆட்டோக்காரனுக்குக் குடுக்காண்டாம்."

"கடை வண்டியில சிமெண்ட் மூட்டைக்க மேலயா இருந்து போவா?" என்றாள் தாணம்மாள். "டாக்டராக்கும்."

"மூட்டைய எறக்கிட்டுதான் வே வருவான்" என்று அவர் மனைவிக்குச் சொல்ல வேண்டியதை என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"நானும் வாறேன், ஏத்தி விடதுக்கு" என்றார் இவர். "முன்னால எடம் இருக்குமா, வே?"

"ஒமக்கு இல்லாத எடமா?" என்றார் பகவதியப்பன். இருவரும் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனார்கள்.